கட்டைவிரல் பள்ளம்

காலையில் முதல் வேலை இதுதான்.
கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே
எலும்பின் மீது கட்டைவிரலை ஊன்றி
ஐந்து வரை எண்ணுகிறேன்.
விரலை எடுத்தால் ஒரு பள்ளம்,
மழைக்குப் பிந்தைய மைதானத்தில்
ஆணிக்காலணி அழுந்திய இடம்போல.
அது தூர்ந்துபோக எவ்வளவு நேரம் என்று
ஸ்டாப்வாட்சில் பார்க்கிறேன்.
நேற்று நாற்பத்தொரு நொடி.
இன்று ஐம்பத்தெட்டு.

இருபத்திரண்டு வருடம்
இதே கடிகாரத்தோடுதான் ஓடினேன்,
பைசாந்தூவின் புழுதி மைதானங்களில்
கறுப்புச் சட்டையும் விசிலுமாக.
காலைப் பிடித்துக்கொண்டு புரளும் பையன்களின் தலைமாட்டில் நின்று
"நடிக்காதே, எழுந்திரு" என்பேன்.
பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள்.

நான்காவது மருந்துக்குப் பிறகு
என் செருப்புகள் எல்லாம் யாருடையவோ ஆகிவிட்டன.
காலுறையைக் கழற்றினால்
சதையில் அதன் பின்னல் அப்படியே இருக்கிறது.
நர்ஸ் இர்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்:
உப்பு வேண்டாம்.
தினமும் எடை பார்.
ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால்,
எந்த நேரமானாலும் வா.
கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.
தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு
உப்பு டப்பாவைத் தூக்கிப்
பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான் வில்மார்.
அன்றைய சூப்பைக் குடித்துவிட்டு
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வீட்டுக்குள் வந்த வருடம்
கட்டிலை உயர்த்திவைத்த செங்கற்கள்
கொல்லையில் கிடந்தன.
இப்போது கால்மாட்டில் மட்டும் பக்கத்துக்கு இரண்டு.
தலை கீழே, கால் மேலே.
இரவெல்லாம் வில்மார் தலையணையோடு சரிந்துகொண்டே போகிறான்,
விடியும்போது சுவரை முட்டிக்கொண்டு கிடக்கிறான்.
வெள்ளம் ஏறிய கோடு
அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

எனக்குச் சேர்வது இப்போது வில்மாரின் ஷூ ஒன்றுதான்.
நாற்பத்து நான்காம் அளவு, கறுப்பு, கயிறு உருவியது.
அவனிடம் இருப்பதும் அந்த ஒரு ஜோடிதான்.
அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து
வெளியே போவதில்லை.
ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.
"ஜூலைக் குளிரில் ரப்பர் செருப்போடா?" என்றான்.
புது ஷூ வாங்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை.
வாங்கினால் இந்தக் கால்
இப்படியே இருந்துவிடும் என்று
எனக்குப் பயம்.
அவனுக்கு என்னவோ தெரியாது.

ஆஸ்பத்திரி நாளன்று டாக்ஸி ஓட்டி வந்தவன்
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்கும் தெரிந்தது. எடுவார்டோ பிச்சின்.
பதினாறு வயதில் என் காலடியில் புரண்டவன்.
அன்று நான் எழுந்திருக்கச் சொன்னேன்.
எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.
இறங்கும்போது என் கால்
கதவைத் தாண்ட மறுத்தது.
இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைக்கவேண்டியிருந்தது,
ஒன்று, பிறகு மற்றது.
அவன் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து
கதவைப் பிடித்துக்கொண்டான்.
"நடிக்கிறீர்களா, ரெஃபரி அம்மா?"
நான் சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது.
அவன் மீட்டரை அணைத்துவிட்டு
"மெதுவாக," என்றான்,
"மெதுவாக."

ஞாயிறு மதியம் ஷூ என் முறை.
எல்லைக் கோட்டருகே நாற்காலி போட்டு
கவிழ்த்த பழக்கூடைமேல் கால்களை வைத்தேன்.
சிறுவர் ஆட்டம்.
எழுபதாவது நிமிடம் ஒரு பையன் விழுந்தான்,
கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.
முன்பென்றால் மூன்று நொடியில் சொல்லியிருப்பேன்.
புது நடுவர் அவன் தலைமாட்டில் நின்று
கையசைத்து ஏதோ கத்துகிறான்.
முட்டாளே, குனிந்து பார்.
காலுறையை இறக்கிப் பார்.
என் சத்தம் அவ்வளவு தூரம் போகவில்லை.
கடிகாரத்தை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.