தரம் எட்டு பி, மூன்றாம் பாடவேளை

பழைய இரசாயனகூடம்தான் எங்கள் நூலகம்.
எரிவாயுக் குழாய்களை அடைத்துவிட்டார்கள்.
கழுவுதொட்டி மட்டும் இன்னும் சொட்டுகிறது,
ஐந்நூறாம் இலக்க அலுமாரிக்குப் பக்கத்தில்.

வாரத்துக்கு நாற்பது நிமிடம் எனக்கு.
அதிலும் கணக்கு மிஸ் பாதியைக் கடன் கேட்பார்.

இன்று கொண்டுவந்தது ஒரு வட்ஸ்அப் செய்தி:
‘நள்ளிரவில் காலிமுகத்திடலைக் கடல் கொள்ளும்.
பத்துப் பேருக்கு உடனே அனுப்பவும்.’
கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினேன்.
யார் சொன்னது?
எப்போது?
அவருக்கு எப்படித் தெரியும்?

திகதி இல்லை என்றாள் ஒருத்தி.
எந்த வருடத்து நள்ளிரவு என்றாள் மற்றவள்.
நாசாவுக்கு இரண்டு ‘ஸ்’ போட்டிருக்கிறார்கள் என்று
முன்வாங்கு முழுக்கச் சிரித்தது.
செயலமர்வில் தந்த கோப்பில் உள்ளபடியே
எல்லாம் நடந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமை.

அடுத்து, நம்பத்தக்க மூலத்துக்கு உதாரணம்:
போன வருடப் பத்திரிகை நறுக்கு.
‘களனி கங்கை பெருகியது. கிராண்ட்பாஸ் தோட்டத்தில்
நாற்பது குடும்பங்கள் பாதிப்பு.’
பெயர் உண்டு, திகதி உண்டு,
கிராம உத்தியோகத்தரின் கூற்றும் உண்டு.

‘ஐம்பத்து மூன்று, மிஸ்.’
பின்வாங்கு. ஜெனோஷா.

‘உமக்கு எப்படித் தெரியும்?’
என் சொந்தக் கேள்விதான்.
வாயை விட்டு வரும்போது
ஏன் அவ்வளவு கடுமையாக வந்ததோ.

‘சோற்றுப் பார்சல் நான்தான் குடுத்தேன்.
நாற்பதோட முடிஞ்சிட்டு.
அவர் எண்ணினது பார்சலை.’

மணி அடித்துவிட்டது.
கணக்கு மிஸ் வாசலில் நின்றார்.

பாடசாலை விட்ட பிறகு
கொழும்பு வரலாற்றின் மூன்று பாகத்தையும் இறக்கினேன்.
சுட்டியில் துறைமுகம் பதினெட்டுப் பக்கம்,
தேசாதிபதிகள் ஒரு பத்தி நிறைய.
‘தோட்டம்’ என்ற இடத்தில்
‘பார்க்க: கறுவாத்தோட்டம்’ என்றிருந்தது.
பார்த்தேன். பெரிய வளவுகள், நிழல்மரங்கள்.
அங்கே யார் வீட்டுக்குள்ளும் கங்கை வரவில்லை.

அடுத்த கிழமை அவள் கொண்டுவந்தாள்
சீஆர் கொப்பியில் கிழித்த நான்கு தாள்.
வீட்டிலக்கம், ஆட்கள், தண்ணீர் வந்த உயரம்.
முழங்கால். முழங்கால். இடுப்பு.
‘சாமிப்படம் வரைக்கும்’ என்று ஒன்று.
ஆறாம் வீட்டில் அளவில்லை,
‘கதவு திறக்கல்ல’ என்று மட்டும்.

துளையிட்டுக் கோப்பில் போட்டேன்.
அட்டை தட்டச்சு செய்தேன்: 363.34.
ஆசிரியர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.
அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.
அவளோ பென்சிலை எடுத்து
முப்பத்தோராம் வீட்டுக்கு நேரே
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

‘இதை அப்படியே நம்ப வேணாம், மிஸ்.
அங்க நான் போகல்ல.
தங்கச்சி சொன்னது.’