கடைசி நிறுத்தத்தில்தான் கழிவறை

துபெட்ஸில் ஒன்று. செர்னோமெரெட்ஸில் ஒன்று.
நடுவே ஸாக்ரெப் நகரம் முழுவதும்,
நீல டிராமில் நெருக்கும் முழங்கால்கள்,
கண்ணாடித் தடுப்புக்கு இப்புறம் நான்.

முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை.
இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டு
இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக்
கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்து ஓட்டுவேன் என்று
எங்களூரில் சொல்ல மாட்டார்கள்; ஆனால் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆறு வருடம் அட்டவணைக்குள் குடியிருந்தோம்
த்வர்த்கோவும் நானும்.
கண் விழித்ததும் நாக்கடியில் வெப்பமானி.
முப்பத்தாறு புள்ளி நான்கு.
முப்பத்தாறு புள்ளி ஏழு.
இன்றைக்கு, என்பேன்.
இரவுப் பணி முடித்து வந்தவன்
உத்தரவுக்குக் கீழ்ப்படிவதுபோல்
சட்டைப் பொத்தான்களைக் கழற்றுவான்.

பிறகு ஊசிகள். குளிர்பெட்டியில்,
சுட்ட குடைமிளகாய் விழுது ஜாடிக்குப் பக்கத்தில்.
ஜாடியை எடுக்க வந்த அவன் அம்மா
கதவை மெதுவாக மூடினார்.
அன்று சாப்பாட்டு மேசையில்
உப்பைப் பற்றி மட்டும் பேசினார்.

தாமதம் என் தொழிலில் குற்றம்.
மூன்று நிமிடம் பிந்தினால் வானொலியில் அதட்டுவார்கள்.
ஒரு நவம்பரில் நாள் தள்ளிப்போனது.
ஒரு நாள். ஐந்து நாள். பதினொரு நாள்.
இவ்வளவு பெரிய தாமதத்தை
யாரிடமும் அறிவிக்காமல் கொண்டாடினேன்.

ஒன்பதாம் வாரம், மக்சிமிர் பூங்காவைத் தாண்டும்போது
அடிவயிற்றில் யாரோ பிரேக்கை அழுத்தினார்கள்.
நான் ஓட்டினேன்.
கதவு திற. மணி அடி. கதவு மூடு.
செர்னோமெரெட்ஸில்
எல்லோரும் இறங்கினார்கள்.

மிர்த்தா வந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து.
நான்கு கிலோ நூறு கிராம்.
எத்தனை தையல் என்று கேட்டேன்.
எண்ணவில்லை என்றார் மருத்துவர்.
நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவள்.

பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்ததில்
பதினேழு பொட்டலம் காபி சேர்ந்தது.
மூக்கு யாருடையது, காது யாருடையது
என்று தொட்டிலைச் சுற்றி வழக்காடினார்கள்.
பச்சை உடம்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீடு தேடி வந்த செவிலி நெவென்கா மட்டும்
குழந்தையை நிறுத்துப் பார்த்து,
எழுதி முடித்து,
வாசலில் காலணிக்குள் காலை நுழைத்தபடி கேட்டாள்:
தும்மினால்?
ஒன்றுமில்லை என்றேன்.
அவள் ஒரு காலில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரம்,
க்வாதெர்னிக் சதுக்கத்தில் தும்மினேன்.
மிச்ச வழி முழுவதும்
எழுந்திருக்க வேண்டிய தேவை வந்துவிடக் கூடாதே என்று
டிராமை அல்ல, இருக்கையை ஓட்டினேன்.
இறங்கும்போது இடுப்பில் கட்டிய சட்டையைப் பார்த்து
ஸ்டைப்பே கேட்டான்: வெயிலா?
பிப்ரவரி.

உடற்பயிற்சி மருத்துவத்தில் லொரேனா சொன்னாள்:
உள்ளே ஒரு மின்தூக்கி என்று நினை,
முதல் மாடி, இரண்டாம் மாடி, நிறுத்து, மெல்ல இறக்கு.
எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது.
எனவே தெரிந்ததை எடுத்துக்கொண்டேன்:
சிவப்பு விளக்கில் தூக்கு.
பச்சையில் விடு.

முகத்தில் ஒன்றும் தெரியாது.
பின்னால் நூறு பேர் கைபேசி பார்க்கிறார்கள்,
முன்னால் ஒருத்தி தன்னைத் தானே
தையல் தையலாக இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.
த்ராஷ்கோவிச்சேவா சந்திப்பின் சிவப்பு
மற்றவர்கள் திட்டுமளவு நீளம்.
எனக்கு அதனிடம் கடன்.

ஜூனில் லிண்டன் மரங்கள் பூத்தன.
காற்று முழுக்க மஞ்சள் தூள்.
சந்திப்புக்கு முன்பே தெரிந்துவிட்டது, மூன்று வரும்.
முதல் தும்மல்: தாண்டினேன்.
இரண்டாவது: தாண்டினேன்.
மூன்றாவது என்னைத் தோற்கடித்தது,
கொஞ்சம்.
கொஞ்சம்தான்.

மணியை அடித்தேன்.
தண்டவாளத்தில் யாரும் இல்லை.