பதினான்காம் கேள்வி

ரெஜைனாவுக்கும் சஸ்காட்டூனுக்கும் பாதி வழியில்,
டேவிட்சன் பெட்ரோல் நிலையத்தின் காபி எந்திரத்தருகே
எனக்கொரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள்.
ஒரு கட்டுப் படிவம், குளிரில் உறையாத பேனா,
மணிக்குப் பத்தொன்பது டாலர்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

அதிவேக ரயில் வந்தால் ஏறுவீர்களா?
இது முதல் கேள்வி.
அநேகமாக எல்லாரும் ஏறினார்கள்.

பதினான்காவதில்தான் திணறல்:
பயணத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானால்
அதற்கு எத்தனை டாலர் தருவீர்கள்?

கொர்னேலியுஸ் வீபே தொப்பியைக் கழற்றினார்.
"ஜனவரி மாத மணியா, அறுவடை மணியா?"
படிவத்தில் மாதம் இல்லையே என்றேன்.
"எழுதினவன் ஒரு ஏக்கரும் உழுததில்லை"
என்று இரண்டு டோனட் வாங்கிக்கொண்டு போனார்.

ஜோவலின் மகராயெக், நர்சிங் மாணவி,
இரவுப் பணி முடித்துக் காரோட்டி வந்தவள்.
போன மாதம் சாலையோர வரிப்பள்ளங்கள் அதிர்ந்துதான்
கண் விழித்தாளாம்.
"வேகமெல்லாம் வேண்டாம்.
வேறு யாராவது ஓட்டட்டும், நான் தூங்கணும்."
தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.
வேகம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

ஓரெஸ்ட் புரோடியுக்
மாகாணப் பேருந்தை இழுத்து மூடும்வரை
இருபத்திரண்டு வருஷம் இதே சாலையில் ஓட்டியவர்.
"ஆளில்லை என்று நிறுத்தினார்கள்.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவன் நான்.
செவ்வாய்க்கிழமை என்றால் ஆறு பேர்.
கடைசி வரிசையில் ஒருத்தி, மடியில் பூனைக் கூடையோடு.
அந்த ஆறு பேரும் இப்போது எதில் போகிறார்கள்?
அதைக் கேட்கிறதா உன் படிவம்?"

நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
டெல்ஃபீன் கேசியஸ் நடந்து வந்தாள்,
பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.
எங்கே பயணம் என்றேன்.
"எங்கும் இல்லை."
பயணம் செய்கிறவர்களை மட்டும் எண்ணச் சொல்லி
அச்சிட்டே கொடுத்திருந்தார்கள்.

"சஸ்காட்டூன் ஆஸ்பத்திரியில் என் தம்பி இருந்தான்.
எனக்குக் கார் இல்லை.
நவம்பரில் போகவில்லை.
டிசம்பர் பத்தாம் தேதி போகவில்லை.
இருபத்தெட்டாம் தேதிக்கு மேல்
போக வேண்டிய வேலையே இல்லை.
மூன்று என்று போட்டுக்கொள்."

ஓரத்தில் மூன்று என்று எழுதினேன்.
பதினான்காம் கேள்வியை அவளிடம் கேட்கவில்லை.
காலியாக விட்டால் படிவம் செல்லாது;
பூஜ்யம் போட்டேன்.
அந்தப் பூஜ்யம் இப்போது
ஏதோவொரு சராசரிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அவள் கிளம்பும்போது சரக்கு ரயில் ஒன்று போனது.
எழுபது பெட்டிவரை எண்ணி விட்டுவிட்டேன்.
மசூர்ப் பருப்பாக இருக்கும், இல்லை கோதுமை.
பருப்புக்கு ரயில் உண்டு, துறைமுகம்வரை.

வசந்தத்தில் அறிக்கை வந்தது, பளபளப்புத் தாளில்.
வழுவழுத்த நீலக் கோடு.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐம்பத்தைந்து நிமிஷம்.
எங்கள் ஊர் பெயரில்லாத ஒரு புள்ளி.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
எங்களைக் கடக்கப் பதினெட்டு நொடி பிடிக்கும்.
பொறாமையா, சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை.
வந்தால் பார்க்கத் தண்டவாளத்தோரம் போய் நிற்பேன்,
அது நிச்சயம்.
ஓரக் குறிப்புகள் எதையும் சேர்க்கவில்லை.

கடைசிக் காசோலையைக் கையெழுத்திட்டு வாங்க
ரெஜைனாவுக்கு நேரில் வரச் சொன்னார்கள்.
ஓரெஸ்ட் தன் காரில் கூட்டிப் போனார்,
பெட்ரோலுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.
கிரெய்க் தாண்டியதும் பழக்கதோஷத்தில்
உள்கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தார்.
பின்சீட்டில் என் பையும்
மிஞ்சிய படிவக் கட்டும் கிடந்தன.
"இன்றைக்குச் செவ்வாயா?" என்றார்.
புதன் என்றேன்.