கட்டைப்பை

தாழ்வு மண்டலம் நாகைக்கு முந்நூறு கிலோமீட்டரில் என்று
செய்தி சொன்ன சாயங்காலம்
கிராம நர்ஸ் ரெஜினா ஸ்கூட்டியை அணைக்காமலே கத்தினார்:
இன்னும் பதினோரு நாள் இருந்தா என்ன,
அரிச்சந்திரா நதி ஏறிட்டா தலைஞாயிறு ரோடு இருக்காது,
ராத்திரிக்குள்ள பையக் கட்டு.

கரண்ட் போயிருந்தது.
நகைக்கடை கொடுத்த கட்டைப்பையில்
முதலில் போனவை காகிதங்கள்.
ஆதார் நகல் மூன்று, பாஸ்புக், கர்ப்பிணி அட்டை.
பெயரில்லாத ஒன்றுக்காக
எத்தனை இடத்தில் என் பெயர்.

புதுத்துணி கூடாது.
கண் பட்டுவிடும் என்பார்கள்.
எனக்கென்னவோ,
வருமுன்னே விலை பேசி வாங்கி வைத்தால்
வருகிறதுக்குக் கூச்சமாயிருக்கும் என்று படுகிறது.

செழியனின் வேட்டியைக் கிழித்தேன்.
பழந்துணி கிழியும்போது சத்தம் குறைவு.
எத்தனை துவைத்தும் போகாத
நாற்றங்கால் சேற்றின் பழுப்புக் கோடு
மடிப்புக்குள் போகும்படி மடித்தேன்.
அவர் அப்போது மண்வெட்டியோடு வயலில் நின்றார்,
நட்டு இருபது நாளான சம்பா மூழ்காமலிருக்க.
மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருமா என்று
ஆடி முழுக்க வாய்க்காலைப் பார்த்திருந்தோம்.
இப்போது போ போ என்று வரப்பை வெட்டி விடுகிறார்.

ஜெய்த்தூன் ஒரு சட்டை கொண்டுவந்தாள்.
அவள் மகன் போட்டது,
அதற்கு முன் கீழத்தெரு வசந்தியின் மகள்,
அதற்கு முன் யாரென்று தெரியாது.
பொத்தான் மூன்றும் மூன்று நிறம்.
இதப் போட்டது ஒண்ணும் நோயில படுத்ததில்ல, என்றாள்.
பொய்தான்.
வசந்தி மகளைக் காமாலையோடு தூக்கி ஓடியது எனக்குத் தெரியும்.
வாங்கி எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன்.

பிளாஸ்க், டம்ளர், ஒரு சோப்பு,
தீப்பெட்டி, டார்ச், ஊசிநூல்.
ஊசிநூல் எதற்கென்று யாரும் சொல்லவில்லை,
கைக்கு வந்தது, போட்டேன்.

யூரியா சாக்கால் மூடி டிராக்டரில் ஏற்றினார்கள்.
நனையாம மடியில வச்சிக்க, என்றார் ஓட்டுகிறவர்.
மடிக்கு எங்கே போவேன்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில்
ஒன்பது பேர், ஒன்பது கட்டைப்பை,
ஆறு அதே நகைக்கடை.
அடையாளத்துக்கு வேட்டியில் ஒரு நாடா கிழித்து
என் பையின் காதில் கட்டினேன்.
பக்கத்துப் பாய்க்காரி, நல்லாயிருக்கே எனக்கும் ஒண்ணு, என்றாள்.
அப்புறம் அவளுக்குப் பக்கத்தவள்.
விடிந்தபோது ஒன்பது பையிலும் ஒரே நாடா.

புயல் எங்களை விட்டுவிட்டு வடக்கே போய்க் கரையேறியது.
மூன்றாம் நாள் டாக்டரம்மா தொட்டுப் பார்த்து
தலை இன்னும் இறங்கல, வீட்டுக்குப் போ, என்றார்.

பையைப் பிரிக்கக் கூடாதென்று ஆணியில் மாட்டினேன்.
அன்றிரவே டார்ச் தேவைப்பட்டது,
வெள்ளத்தோடு வந்த பாம்பு அடுப்படியில்.
மறுநாள் தீப்பெட்டி. ஈர விறகுக்குப் பன்னிரண்டு குச்சி.
பயிர்ச்சேதம் எழுதிக் கொடுக்க
ஆதார் நகல் ஒன்று செழியனோடு போனது.
ஊசிநூலை ஜெய்த்தூன் வாங்கிப்போய்
பாதி நூலோடு திருப்பித் தந்தாள்.
எடுப்பேன், வைப்பேன்,
வைத்தேனா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் விடியுமுன்
எனக்குள் யாரோ மடையைத் திறந்தார்கள்.
பாயெல்லாம் ஈரம்.
நூற்றியெட்டு வருகிறவரை
சுவரைப் பிடித்துக்கொண்டு பையைத் துழாவினேன்.
காகிதம் இருந்தது. சட்டை இருந்தது.
சோப்பைக் காணோம்.

செழியன் குழாயடிக்கு ஓடினார்.
அவர் தினமும் சேறு கழுவுகிற சோப்பு,
பாதி கரைந்து,
நடுவில் அவர் கட்டைவிரல் பள்ளம்.
வாழைச் சருகில் சுற்றி நீட்டினார்.

அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பையில் இன்னும் இடமிருந்தது.