எடுத்த பொருள்

பதிவுப் புத்தகத்தில் ஐந்து நிரல்:
திகதி, பெயர், பீடம், எடுத்த பொருள், ஒப்பம்.
ஊருக்கு நிரல் இல்லை.
இருந்தும் கேட்டேன்.

"வாகரைக்கு அங்கால" என்றான்.
பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு
கொஞ்சம் பிந்தி,
"நாங்க வேடர்."

என் வாய் சும்மா கிடந்ததா?
"அப்ப வில்லு வடிவா விடுவீர், என்ன?"

அறை மூலையில் ஒரு வில் இருந்தது,
நாண் அறுந்து, ஈட்டிகளுக்குப் பின்னால்.
அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
மேசைப்பந்து மட்டை – 1.
வே. தனுஜன், கலைப்பீடம்.

இரண்டு மாதம்
மேசையின் ஒரு பாதியை மதிலாக நிமிர்த்தி
தன்னோடு தானே ஆடினான்.
டக். டக்.
கணக்கு எழுதும்போது என் காதில்
அந்த ஒரு மட்டைதான்.

விளையாட்டு விழா அணிநடைக்கு
இலையுடுத்தி, வில்லோடு, முன்னால் விடலாம் என்று
குழுவில் யாரோ சொன்னார்களாம்.
"அவன் பீடத்தோட நடப்பான்.
பனியன் சைஸ் கேளுங்கோ"
என்றுவிட்டு வதனமலர் மிஸ்
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டா.

இறுதியாட்டம் வெள்ளிக்கிழமை விழுந்தது.
வியாழன் மட்டையைத் திருப்பித் தந்தான்:
ஊரில் சடங்கு, உத்தியாக்களுக்கு;
போகாமல் இருக்கேலாது.
மிஸ் கரும்பலகையில் வெள்ளியை அழித்தா.
மற்றப் பீடத்துப் பெடியள் முறுகினார்கள்.
"நல்லூர்த் தேருக்கு எத்தினை மெச் தள்ளினனாங்கள்?
அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்ல."
நானும்தான் திறக்கவில்லை.

செவ்வாய் ஆடினான். தோற்றான்.
கடைசி செட் பதினொன்றுக்கு ஒன்பது.
வென்றவன் வலைக்கு மேலால் கை நீட்டி
"மறுகா எப்ப?" என்றான்,
தனுஜனின் சொல்லை அவனிடமே இரவல் வாங்கி,
பகிடியாக இல்லை.

இப்போது ஐந்து மணிக்கு
வெருகல் பக்கத்துப் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள்,
முதலாம் வருடம், பாட்டா செருப்பு.
மேசை இரண்டு பாதியும் விரிந்து கிடக்கிறது.
ஊர் கேட்கவில்லை நான்.
பெயர்கூட அவர்களே எழுதினார்கள்.

ஆறு மணிக்கு நான் பூட்ட வேண்டும்.
ஆறு ஐந்து. ஆறு பத்து.
பரமேஸ்வராச் சந்தியில் என் பஸ் போயிருக்கும்.

புத்தகத்தைத் தனுஜன் பக்கம் திருப்பினேன்.
எடுத்த பொருள்: திறப்பு.
ஒப்பம் வைத்தான்,
பேனையைத் தர மறந்து ஓடினான்.