பத்து மணி சுவிட்ச்

இரவு பத்துக்கு சுவிட்சைப் போடுவேன்,
ரெண்டு மணிக்கு அணைப்பேன்.
கந்தப்பளையில் எனக்குச் சம்பளம் இதற்குத்தான்:
செவ்வந்தியைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்வது.

பொலித்தீன் கூடாரம் நாலு.
ஒவ்வொன்றிலும் குண்டு பல்பு அறுபது.
எதிர்மலை லயத்திலிருந்து பார்க்கிற பிள்ளைகள்
பூவுக்குத் திருவிழா என்பார்கள்.
திருவிழா இல்லை. ஏமாற்று.

இருட்டின் நீளத்தை இந்தச் செடி எண்ணும்.
எதை வைத்து எண்ணுகிறதோ,
இலையில் கண் இருக்கிறதென்பார் சுப்பவைசர் அந்தோனிப்பிள்ளை,
அவர் எதையும் உறுதியாகச் சொல்லக்கூடியவர்.
எண்ணி முடித்தால் மொட்டு.
நடுவில் வெளிச்சம் பட்டால் கணக்குப் பிசகும்,
மறுபடி ஒன்றிலிருந்து.
அப்படிப் பிசகிப் பிசகியே தண்டு நீள வேண்டும்
என் இடுப்புக்கு மேல்,
கொழும்பு ஹோட்டல்காரன் கேட்கிற உயரத்துக்கு.
அதுவரை பூக்கக் கூடாது.

புரட்டாசியில் மகள் பிறந்தாள்.
மூன்றாம் நாள் மஞ்சள்.
முதலில் முகம், பிறகு நெஞ்சு, பிறகு உள்ளங்கால்.
நுவரெலியா ஆஸ்பத்திரியில்
கண்ணுக்குத் துணி கட்டி
நீல வெளிச்சத்தில் கிடத்தினார்கள்,
இடுப்பில் ஒரு துண்டு தவிர ஒன்றுமில்லாமல்.
மிஸி தில்ருக்ஷி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:
"லைட்தான் மருந்து. தோல் குடிக்கும்.
மஞ்சள் மூத்திரத்துல போகும்."
பால் நனைந்த சட்டையோடு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற புஷ்பகாந்தி
"புள்ளைக்கு இப்ப ராவா பகலா?" என்று கேட்டாள்.
எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.
என் தொழிலே அதுதானே.

அன்றைக்கே பிடித்தது மழை.
ராகலைப் பக்கம் மண் சரிந்து
கம்பம் மூன்று படுத்துக்கொண்டது.
ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உறுமிற்று,
நீலம் ஒருமுறை இமைத்துவிட்டுத் திரும்பி வந்தது.
கூடாரத்துக்கு வரவில்லை.
பதினொரு இரவு.

பத்துக்குப் போட்டுப் பார்ப்பேன், பழக்கத்தில்.
டிக்.
பல்பைச் சுற்றிச் செத்து விழும் விட்டில்கள்
எங்கே போயினவோ, விளக்குமாற்றுக்கு வேலையில்லை.
தவளை கத்திற்று.
முன்பும் கத்தியிருக்கும், எனக்குத்தான் கேட்டிருக்காது.
செடிகள் எண்ணிக்கொண்டிருந்தன.
அந்தச் சத்தம் கேட்டதென்று சொன்னால் பொய்.
ஆனாலும் வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் மொட்டு,
முழங்கால் உயரத்தில், மிளகளவு.
அந்தோனிப்பிள்ளை தலையில் கை வைத்தார்.
இனி விடியவிடிய எரித்தாலும் பிரயோசனமில்லை,
அவை தீர்மானித்தாயிற்று.
குட்டைத் தண்டில் விரிந்ததை ஹோட்டல் தொடவில்லை.
கார்த்திகைக்குக் கோயில் வாசலில் கட்டு நாற்பது ரூபாய்.
சம்பளத்தில் பாதி அறுந்தது.
நான் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்,
கேட்காமல்.

மகளை எட்டாம் நாளே விட்டிருந்தார்கள்.
துணியை அவிழ்த்தபோது பார்த்தோம்:
உடம்பு தெளிந்திருந்தது,
கட்டியிருந்த இடம் மட்டும் தெளியவில்லை.
கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் மஞ்சள் பட்டி,
வெளிச்சம் தொடாத பூமி.
"களவாணி மாதிரி இருக்கா" என்று சிரித்த புஷ்பகாந்தி
அப்புறம் சிரிக்கவில்லை.

எங்கள் லயத்து வாசலுக்கு வெயில் வருவது
எட்டு இருபதுக்கு.
ஒன்பதுக்கு மலை எடுத்துக்கொள்ளும்.
அந்த நாற்பது நிமிஷமும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தோம்,
கையால் கண்ணுக்கு நிழல் பிடித்து,
பிறகு கொஞ்சம் விரலை விரித்து,
பிறகு மூடி.
பட்டி போக ஒரு வாரம் பிடித்தது.

இப்போது ராத்திரி அவள் அழுதால்
விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று
எங்களுக்குள் சண்டை.
பத்து மணிக்கு நான் வீட்டில் இருப்பதில்லை.
புஷ்பகாந்தி போடுவதில்லை.