டைகர், உறை எண் 31

சின்னாறு செக்போஸ்ட் தாண்டி
கேரளத்து வாடகை அறையில்
மூன்று மாதமாய் எச்சம் கழுவுகிறேன்.
எச்சம் என்பது ஆய்வேட்டுக்கு.
வீட்டுக்கார லீலாம்மைக்கு அது சிறுத்தைப் பீ;
அடுக்களைக் குழாய் எனக்குத் தடை.

சல்லடையில் நீர் விட்டால்
மண் போகும், நாற்றமும் பாதி போகும்.
குளம்பின் ஓரம் ஒன்று, யாருடையதோ பல்,
பிறகு மயிர்.
எல்லாவற்றையும் கரைக்கும் வயிறு
மயிரிடம் மட்டும் தோற்கிறது.

என்ன படிப்பு என்றான் டீக்கடை சாக்கோ.
சொன்னேன்.
இரண்டு மொழியிலும் அது வசவு என்பதால்
இரண்டு மொழியிலும் சிரித்தான்.

மிளா மயிருக்குள் தேன்கூட்டு அறைகள்.
முயலுக்கு மக்காச்சோள மணி வரிசை.
மந்திக்கு நடுவே ஒரு கோடு,
இருந்தும் இல்லாமலும்.
சிறுத்தையின் சொந்த மயிரும் கிடக்கும்,
தன்னை நக்கிக்கொள்கிறது அல்லவா.
அதை இரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த மயிர் வேண்டும்.
ஆட்டிடம் வாங்கினேன், பூனையிடம் திருடினேன்.
செக்போஸ்ட் தடுப்புக் கட்டையின் நிழலில்
தலை கேரளத்திலும் வால் தமிழ்நாட்டிலுமாய்த்
தூங்கும் சாக்கோவின் நாய், பெயர் டைகர்.
அவன் பிடித்துக்கொள்ள
முதுகில் பத்து பிடுங்கினேன்.
கடிக்கவில்லை. ரஸ்க் டப்பாவைப் பார்த்தது.

பட்டியலில் 'டைகர்' என்றே எழுதி அனுப்ப
கோவையிலிருந்து போன்:
"புலி மயிர் எப்படிக் கிடைத்தது? அனுமதி வாங்கினாயா?"
குலைக்கும் புலி சார், என்றேன்.

மாசியில் ஒரு வாரம்
தடுப்புக் கட்டை நிழல் காலியாக இருந்தது.

மாதிரி எண் 88, கூட்டாற்றுப் பாறை.
ஜெலட்டின் காய்ந்ததும் மயிரை உரித்தேன்.
செதில்களின் அச்சு
உறை 31-இன் அச்சோடு
ஓரம் ஓரமாய்ப் பொருந்தியது.
'வீட்டு நாய், 1' என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் சதவீதம்.

"உன் கண்ணாடியில் ஏதும் தெரிஞ்சதா?"
நாய்தான் என்றேன். எந்த நாய் என்று
மயிர் சொல்லாது சாக்கோ,
இனத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது.
உண்மைதான் அது. புத்தகத்தில் இருக்கிறது.

வனத்துறைப் படிவத்தில்
மாட்டுக்கு இடமுண்டு, ஆட்டுக்கு உண்டு.
அவனே விசாரித்திருக்கிறான்.

பத்தில் ஒன்று சில்லுக்குப் போனது.
ஒன்பது மிச்சம்.
கேட்டிருந்தால் ஒன்று கொடுத்திருப்பேன்,
விதிப்படி கூடாதுதான்.
கேட்கவில்லை.
உடுமலை பஸ் வந்தது;
நாலு டீ ஆற்றப் போனான்.